இதர விஷயங்கள்

போன வாரம் பழைய நண்பர் ஒருவர் போன் செய்தார். என்னோடு வங்கியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. அவர் ஊர் தர்ம ஆஸ்பத்திரியின் டிரஸ்டில் ஓர் இடம் காலியாம். கணக்கு வழக்குத் தெரிந்தவர் என்று இவரைக் கூப்பிடுகிறார்களாம். சேரலாமா என்று கேட்டார்.

"மாசம் ஒரு மீட்டிங்தானாம். கையெழுத்துப் போட்டாப் போதும்ங்காங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 2007-இல் என்னையும் இதே வார்த்தை சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஆறு வருடம் இருந்தேன். அந்த ஆறு வருடத்தைப் பற்றி இதுவரை இங்கே எழுதியதில்லை. எழுத வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை. நண்பருக்குப் போனில் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். ஊர் பெயரோ ஆஸ்பத்திரி பெயரோ வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குத் தேவையில்லை.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஒரு தனி முதலாளி கட்டியது அல்ல. வத்தல், மல்லி, பருத்தி என்று மூட்டைக்கு இவ்வளவு எனக் கடைக்காரர்கள் மகமை பிடித்துச் சேர்த்த பணத்தில் எழுந்தது. என் அப்பா ஒரு வத்தல் கமிஷன் கடையில் கணக்கப்பிள்ளை. அந்த மகமைக் கணக்கை அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். ஊரில் பாதிப் பேர் பிறந்தது அங்கேதான். ஆகவே "டிரஸ்டுக்கு வாங்க" என்றபோது எனக்குக் கோயில் பரிவட்டம் கட்டியது போலத்தான் இருந்தது. வீட்டில் மட்டும், "அங்க போயி என்ன செய்யப் போறீக?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். கேசரி, வடை, காபி. அஜெண்டாவில் எப்போதும் ஐந்து விஷயங்கள். போன கூட்டத்து நடவடிக்கைகளை ஏற்றுக்கொள்வது, வரவு செலவு, கட்டட வேலை, ஊழியர் நியமனம், கடைசியாக "இதர விஷயங்கள்". வரவு செலவு அரை மணியில் முடிந்துவிடும். கட்டடம்தான் நீளும். புதுப் பிரசவ வார்டுக்கு நன்கொடை தந்தவர்களின் பெயரைக் கல்வெட்டில் எந்த வரிசையில் போடுவது என்று மூன்று கூட்டம் பேசினோம். தொகைப்படி போடுவதா, வயதுப்படி போடுவதா? நானும் பேசினேன். அகர வரிசையில் போட்டால் யாருக்கும் மனவருத்தம் வராது என்று பெரிய யோசனை சொன்னவனே நான்தான்.

ஒன்றுக்குள் ஒன்று முரணாகத் தோன்றலாம். ஆனால் நாங்கள் ஆஸ்பத்திரியைக் கவனிக்காமல் இருந்தோம் என்று சொல்ல முடியாது. அளவுக்கு மீறித்தான் கவனித்தோம். ஒருவர் தினமும் காலையில் வந்து ஜன்னல் கம்பியில் விரலால் தேய்த்துப் பார்த்து, பெருக்குகிற அம்மாளைச் சத்தம் போடுவார். ஒருவர் மருந்தாளுநர் வேலைக்கு மச்சினன் மகனைக் கொண்டுவந்து நிறுத்துவார். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டாக்டருக்குப் போன் போகும். "நம்ம ஆளு, கொஞ்சம் பாத்துக்கோங்க." காலை ஆறு மணிக்கே டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிற கிழவியைத் தாண்டி, "அண்ணாச்சி அனுப்பிச்சாக" என்ற சொல்லோடு ஒருவர் உள்ளே போவார். இதற்கெல்லாம் நாங்கள் வைத்திருந்த பெயர் மேற்பார்வை.

போன மாதம் இங்கே எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேருக்கு ஆபரேஷன் செய்த புண் சீழ் பிடித்தது, எத்தனை பேரை மதுரைக்கு அனுப்பினோம், ஏன் அனுப்பினோம்? நான் சேர்ந்த முதல் ஒன்றரை வருடத்தில் இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது யாராவது கேட்டதாக நினைவில்லை. மினிட் புத்தகத்திலும் இல்லை. அதைப் பிற்பாடு தேடிப் பார்த்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவருக்கு ஒரே மகள். இரண்டாவது பிரசவம். நானும்தான் டாக்டருக்குப் போன் செய்தேன், "நம்ம ஆளு" என்று. சிசேரியன் ஆனது. ஆண் பிள்ளை. ஐந்தாம் நாள் காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சீழ். எட்டாம் நாள் தையல் விட்டுப்போய், ஆம்புலன்ஸில் மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாற்பது நாள் அந்தப் பெண் படுக்கையில் கிடந்தாள். பிழைத்துவிட்டாள். பிள்ளை புட்டிப்பாலில் வளர்ந்தது. அந்த மனிதர் இரண்டு மாட்டை விற்றார். மறுபடி பால் ஊற்ற வந்த அன்றைக்கு நான் வாசலில் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அவரே ஆரம்பித்தார்.

"நீங்க சொல்லித்தான சார் அந்த அளவுக்காவது பாத்தாக."

அவர் திட்டியிருந்தால் தேவலை.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய் தியேட்டர் சிஸ்டரைப் பார்த்தேன். இருபது வருட அனுபவம் உள்ளவர். டிரஸ்டி யாரும் அதுவரை தியேட்டர் வாசலில் வந்து அவரிடம் கேள்வி கேட்டதில்லை. முதலில் தயங்கினார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்தார். யாரும் கேட்காமலே, புண் சீழ் பிடித்த நோயாளிகளைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். இரண்டரை மாதத்தில் ஏழு பேர். நோட்டுக்குள் அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல் மூன்று இருந்தது. ஆட்டோகிளேவ் கதவின் கேஸ்கட் போய்விட்டது, ஆவி கசிகிறது, மாற்றித் தர வேண்டும்.

ஆட்டோகிளேவ் என்பது ஒரு பெரிய பிரஷர் குக்கர்தான். ஆபரேஷன் கருவிகளையும் துணிகளையும் உள்ளே வைத்து, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி சூட்டை உரிய நேரம் வரை நிறுத்தினால்தான் கிருமி சாகும். கேஸ்கட் போன குக்கரில் பருப்பு வேகுமா என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பொட்டலத்தின் மேல் ஒட்டுகிற டேப்பில் கறுப்புக் கோடு வருமே என்று நான் கேட்டேன். எங்கேயோ படித்த அரைகுறை ஞானம். "கோடு வந்தா சூடு பட்டிருக்குன்னுதான் சார் அர்த்தம். உள்ள கிருமி செத்துச்சான்னு அது சொல்லாது" என்றார். அதற்கு வேறு சோதனை இருக்கிறதாம். அதையும் ஒரு கடிதத்தில் கேட்டிருந்தார்.

"யார்ட்டயும் சொல்லலியாம்மா?" என்றேன்.

"மேல எழுதினேன் சார். மேலன்னா நீங்கதான."

மேலே என்ன ஆனது என்று போய்ப் பார்த்தேன். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் எது வாங்கினாலும் டிரஸ்ட் அனுமதி வேண்டும் என்பது நாங்கள் வைத்த விதி. கேஸ்கட்டும் வால்வும் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். நிர்வாக அலுவலர் அதை ஒழுங்காக அஜெண்டாவில் சேர்த்திருக்கிறார், ஐந்தாவது இடத்தில். மூன்று கூட்டத்துக்கும் மினிட் புத்தகத்தில் ஒரே வாசகம்: "நேரமின்மையால் இதர விஷயங்கள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டன." கீழே கையெழுத்துகள். அதில் ஒன்று என்னுடையது, பச்சை மையில். வங்கியில் ஆய்வுக்குப் போகிற இடத்தில் ஒரு கிளை மேலாளர் இப்படி மூன்று மாதம் தள்ளிப்போட்டிருந்தால், அவருடைய பதவி உயர்வு நிற்கிற அளவுக்கு ரிப்போர்ட் எழுதியிருப்பேன்.

கல்வெட்டுக்கு ஆன செலவு முப்பத்தெட்டாயிரம்.

அந்த ஏழு பேருக்கும் கேஸ்கட்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்குச் சர்க்கரை இருந்தது, ஒருவருக்கு ரத்தசோகை என்று தலைமை டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த ஏழு என்ற எண்ணே சிஸ்டரின் நோட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. எண்ணாதவனுக்குக் காரணம் எப்படித் தெரியும்?

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். எல்லாரும் வருத்தப்பட்டார்கள். கேஸ்கட் அன்றைக்கே வாங்கப்பட்டது. அதற்கு மேல் நான் ஒன்று கேட்டபோதுதான் தகராறு வந்தது. இனி அஜெண்டாவில் முதல் விஷயம் நோயாளிகளாக இருக்கட்டும். இறப்பு, சீழ், மறு ஆபரேஷன், வெளியே அனுப்பியது, புகார் ஆகிய ஐந்து எண்களும் மாதாமாதம் வரட்டும். கட்டடம் கடைசிக்குப் போகட்டும் என்றேன்.

தலைவர் அண்ணாச்சி நல்ல மனிதர். சொந்தக் காசை ஆஸ்பத்திரிக்குக் கொட்டியவர். அவர் சொன்னார்: "வைத்தியம் டாக்டர் பாடு. நாம கணக்கைப் பாப்போம். அவுக வேலைல நாம தலையிடக் கூடாது." நியாயமாகத்தான் ஒலித்தது. டாக்டருக்கு நாளுக்கு நாலு போன் செய்து சிபாரிசு செய்வது தலையிடுவது ஆகாதாம். எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்பதுதான் தலையிடுவதாம்.

தலைமை டாக்டர் இன்னும் காட்டமாக இருந்தார். "கணக்குப் பாக்க வந்தவரு கத்தியப் பாக்க வந்துட்டாரு" என்று வெளியே சொன்னதாகக் காதில் விழுந்தது. ஆனால் நேரில் உட்கார்ந்து பேசியபோது அவர் சொன்ன ஒரு விஷயத்தை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். "எண்ணிக்கையை வச்சு எங்களை அளந்தீங்கன்னா, கஷ்டமான கேஸை எல்லாம் வாசல்லயே மதுரைக்குத் திருப்பிடுவோம் சார். எண்ணு அழகா இருக்கும். வழியில ஆள் செத்துப்போவான்." இது வெறும் சாக்கு இல்லை. இந்த ஆபத்து உண்மையாகவே உண்டு. அதனால்தான் வெளியே அனுப்பியவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது கணக்கு தெரிந்த என்னைப் போன்றவனின் வேலை அல்ல என்பதையும் ஒப்புக்கொண்டேன். வெளியூரிலிருந்து ஒரு மூத்த சர்ஜன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து கேஸ் ஷீட்டுகளைப் பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. டாக்டருக்கும் அது கௌரவமாக இருந்தது.

"வைத்தியம் டாக்டர் பாடு" என்ற வாதத்துக்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. பிறகு சட்டம் படித்த என் மருமகன் ஓர் அமெரிக்கத் தீர்ப்பைப் பற்றிச் சொன்னார். இல்லினாய் மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்ற சின்ன ஊர். அங்கேயும் ஊர்ப் பொது ஆஸ்பத்திரிதான். 1960-இல் கல்லூரிப் பையன் ஒருவன் கால்பந்தாட்டத்தில் கால் முறிந்து வந்தான். மாவுக்கட்டுப் போட்டார்கள். விரல்கள் வீங்கிக் கறுத்தன. கவனிக்க வேண்டியபடி யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. "டாக்டர் செய்ததற்கு நாங்கள் என்ன செய்வோம்" என்றது ஆஸ்பத்திரி. 1965-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. நர்ஸுகள் உரியபடி கவனித்தார்களா, தேவையானபோது இன்னொரு டாக்டரைக் கலந்தார்களா என்று பார்க்கிற பொறுப்பு ஆஸ்பத்திரிக்கே உண்டு என்றது. ஆஸ்பத்திரி தனக்காக எழுதி வைத்திருந்த விதிகளே அதற்கு எதிராகச் சாட்சியமாயின. நம்மிடமும் விதிகள் இருந்தன. பீரோவில்.

நம் நாட்டுக்கும் வருவோம். 2011 டிசம்பர் 9-ஆம் தேதி கொல்கத்தாவில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் விடிகாலையில் தீப்பிடித்தது. கார் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எரியக்கூடிய பொருள்களைக் குவித்து வைத்திருந்தார்கள். புகை மேலே ஏறி, படுக்கையில் கிடந்தவர்கள் மூச்சுமுட்டி இறந்தார்கள். தொண்ணூறு பேருக்குப் பக்கம். கைது செய்யப்பட்டவர்களில் இயக்குநர் குழுவில் இருந்த பெரிய மனிதர்களும் உண்டு. அந்தச் செய்தி வந்த மறுநாள் எங்கள் டிரஸ்டிகள் மூன்று பேர் முதல்முறையாக ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் பார்த்தார்கள். பழைய மெத்தைகளும் ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசல் கேன்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

கோயில் என்றால் தமிழ்நாட்டில் அறநிலையத் துறை இருக்கிறது. தர்ம ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு துறை இங்கே கிடையாது. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகளுக்கு என்றே 1950-ஆம் வருடச் சட்டமும் அதற்கு ஓர் ஆணையரும் உண்டு. அங்கே தர்ம ஆஸ்பத்திரிகள் 10 சதவீதப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும் இன்னொரு 10 சதவீதத்தைச் சலுகைக் கட்டணத்திலும் தர வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2006-இல் திட்டமே வகுத்துக் கொடுத்தது. இங்கே டிரஸ்ட் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் சரி. வருமானத்தில் 85 சதவீதம் தர்ம காரியத்துக்குச் செலவானதா, டிரஸ்டிகளோ அவர்கள் உறவினர்களோ ஆதாயம் அடைந்தார்களா என்று வருமான வரித் துறை பார்க்கும். அது பணத்தைப் பற்றிய கேள்வி. உள்ளே ஏதோ தப்பு நடக்கிறது என்று ஊரில் அக்கறையுள்ள இரண்டு பேர் நினைத்தால், சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்படி கோர்ட் அனுமதி வாங்கி வழக்குப் போடலாம். பால்காரர் போடுவாரா? ஆக, அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் கேட்காவிட்டால் கேட்பதற்கு ஆளே இல்லை. டிரஸ்டி என்பதற்குத் தமிழில் அறங்காவலர் என்று பேர் வைத்தார்கள். காவலாளி அடுப்படிக்குள் போய்க் குழம்புக்கு உப்புப் போட வேண்டாம். ராத்திரி முழித்திருந்தால் போதும். நாங்கள் பகலெல்லாம் உப்புப் போட்டுவிட்டு ராத்திரி தூங்கினோம்.

சில மாற்றங்கள் வந்தன. ஐந்து எண்கள் முதல் பக்கத்துக்கு வந்தன. தியேட்டர், பிரசவ வார்டு, ஆக்சிஜன் சம்பந்தமாக ஐம்பதாயிரம் வரை நிர்வாக அலுவலரே செலவழித்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று தீர்மானம் போட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தியேட்டர் சிஸ்டரும் மேட்ரனும் கூட்டத்துக்கு வந்து நேரே பேசுவார்கள். முதல் தடவை அவர்களுக்கு நாற்காலி போடவில்லை. நிற்க வைத்தே பேச விட்டோம். அதைச் சரி செய்ய இன்னொரு தகராறு. எந்த உரிமம் எந்தத் தேதியோடு முடிகிறது என்று ஒரு பட்டியல் போட்டோம். எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துக்கடை, தீயணைப்புத் துறைச் சான்று, மருத்துவக் கழிவு என எல்லாமும். இரண்டு ஏற்கெனவே காலாவதியாகியிருந்தன. அரசுக் காப்பீட்டு அட்டையோடு வருகிறவர்களிடம் தனியாகப் பணம் வாங்குகிறார்களா என்றும் கேட்க ஆரம்பித்தோம். கேட்க ஆரம்பித்ததுமே ஒரு பழக்கம் நின்றது.

சிபாரிசுப் போன் மட்டும் நிற்கவில்லை. என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தங்கை மாமனாருக்கு மூச்சுத்திணறல் என்றால் கை தானாகப் போனை எடுக்கிறது.

கடைசியில் மருந்துக்கடை விஷயத்தில் உடைந்தது. ஆஸ்பத்திரிக்கு மருந்து சப்ளை செய்தவர் ஒரு டிரஸ்டியின் சம்பந்தி. விலை அதிகம் என்றுகூட நான் சொல்லவில்லை. மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்குவோம், அதைப் பேசும்போது சம்பந்தப்பட்டவர் வெளியே இருக்கட்டும் என்றேன். "என்னையச் சந்தேகப்படுதியளா?" என்று அவர் கண் கலங்கிவிட்டார். அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. மூத்தவர் கண்ணீரைப் பார்த்துவிட்டு எவன் தீர்மானம் போடுவான்? 2013-இல் பதவிக் காலம் முடிந்தபோது என்னை நீட்டிக்கவில்லை. மாலை, பொன்னாடை, குரூப் போட்டோ.

பெரிய ஆஸ்பத்திரிகளைச் சொல்லி நம்மூர் ஆஸ்பத்திரியைக் குறை சொல்வது சரியில்லை என்று சிலர் எழுதுவீர்கள். ஆனால் பெரியவை எல்லாம் பெரியதாகவா தொடங்கின? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கையோடுதான் தொடங்கியது. 1976-இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தபோது பதினோரு படுக்கை. அரவிந்தில் ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற சிக்கல்களை எழுதி வைத்து, எந்த டாக்டரிடம் எத்தனை என்று பார்த்துத் திருத்திக்கொள்வதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். நம் சிஸ்டர் லாங் சைஸ் நோட்டில் செய்ததும் அதே வேலைதான். அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

நண்பரிடம், சேருங்கள் என்றுதான் சொன்னேன். நல்லவர்கள் ஒதுங்கிக்கொண்டால் அந்த நாற்காலி சும்மா இருக்கப் போவதில்லை. ஆனால் சம்மதம் சொல்வதற்கு முன்னால் மூன்று விஷயங்களைக் கேட்கச் சொன்னேன். டிரஸ்ட் பத்திரத்தின் நகல் ஒன்று. போன ஒரு வருட மினிட் புத்தகம் ஒன்று. மூன்றாவது, தியேட்டர் சிஸ்டரோடு தனியாக அரை மணி நேரம். மூன்றையும் மறுப்பில்லாமல் தந்தால் சேருங்கள்; இழுத்தடித்தால் யோசியுங்கள் என்றேன்.

நேற்று மறுபடி போன் செய்தார். சிஸ்டரைப் பார்க்கத் தாராளமாக வரச் சொல்லிவிட்டார்களாம். மினிட் புத்தகம் ஆடிட்டரிடம் இருக்கிறதாம். டிரஸ்ட் பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறதாம். சாவி மட்டும், காலமாகிவிட்ட பழைய தலைவரின் வீட்டில் தேட வேண்டுமாம்.